அந்தப் பதினோரு நிமிடம் நமக்கு வேண்டும்



தென்மேற்குப் பருவமழை பிடித்து, பெரியாறு அணை நிறைந்து, லோயர்கேம்ப் பவர்ஹவுஸில் நான்கு ஜெனரேட்டர்களும் முழு வேகத்தில் ஓடும்போது அங்கே பிறப்பது 168 மெகாவாட் மின்சாரம். ஒரு மணி நேரத்துக்கு 1,68,000 யூனிட். தேக்கடிப் பக்கமிருந்து மலையைக் குடைந்து வரும் தண்ணீர், குமுளி மலைச்சாலைப் பக்கம் இறங்கும் ராட்சதக் குழாய்களில் விழுந்து, சக்கரங்களைச் சுற்றிவிட்டுத்தான் நம்முடைய கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு வருகிறது.

அதே மலைச்சாலையில், அதே குழாய்களைக் கடந்து, கோழி கூவும் முன்னே ஏறிப் போவது யார்? நம் பெண்கள். தூக்குவாளியில் சோறு, இடுப்பில் கட்டிய சாக்கு, தலையில் துண்டு. பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். கூடலூர்க்காரர்கள் குமுளி வழியாக, கம்பத்துக்காரர்கள் கம்பமெட்டு வழியாக, போடிக்காரர்கள் போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி டீசலைக் குடித்துப் புகையைக் கக்குகிறது. அந்த டீசல் காசை யார் கையால் கொடுத்தாலும், கடைசியில் அது கூலிக் கணக்கில்தான் வந்து விழுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். போடி கடல்மட்டத்திலிருந்து முந்நூற்றைம்பது மீட்டர் சொச்சம் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு அதற்கும் மேலே ஏறத்தாழ ஆயிரம் மீட்டர். ஆளும் வண்டியுமாக இரண்டரை டன் எடையை அந்த உயரத்துக்குத் தூக்க, இயற்பியல் கேட்பது ஏழு யூனிட் மின்சாரம். அதற்கு மேல் சாலையின் உராய்வு, தோட்டம்வரை ஓட்டம், திரும்பி வரும் தூரம் எல்லாம் சேர்த்து ஒரு பேட்டரி வண்டிக்கு நாளொன்றுக்கு 30 யூனிட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஆயிரம் வண்டி ஓடினால் 30,000 யூனிட். லோயர்கேம்ப் பவர்ஹவுஸ் முழு வேகத்தில் அதை உண்டாக்கப் பதினோரு நிமிடம் போதும்.

ஒரு நாளில் பதினோரு நிமிடம். அதைக் கேட்கத்தான் இந்த அறைகூவல்.

"மாசி, பங்குனியில் தண்ணீர் ஏது?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. கோடையில் அணையிலிருந்து குடிநீருக்கு மட்டும் திறப்பார்கள்; ஜெனரேட்டர் சும்மா நிற்கும். ஆனால் அந்த மாதங்களில் நம் தலைமேல் என்ன காய்கிறது? இங்கே ஒரு கிலோவாட் சோலார் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை காற்று. தமிழ்நாட்டில் காற்றாலைக்குப் பேர்போன கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, அப்புறம் நம் கம்பம் கணவாய். தண்ணீர் குறையும்போது வெயில், வெயில் மங்கும்போது காற்றும் தண்ணீரும். இந்த மூன்றும் இப்படி முறை வைத்து வரும் மண் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள், காற்றாடிகள் வரிசை கட்டி நிற்கின்றன. தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பெரும்பகுதி மில்களுக்கும் கம்பெனிகளுக்கும் சொந்தம். அதற்கு நிலம் கொடுத்தவன் வீட்டில் என்ன மிச்சம் என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்.

ஏன் இப்போதே என்கிறேன்? 2024 ஆகஸ்டில் தமிழக அமைச்சரவை மூன்று கொள்கைகளுக்கு ஒப்புதல் தந்தது. சிறு நீர்மின் திட்டங்களுக்கு ஒன்று. தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவைப்படும்போது விழவிடும் நீரேற்று மின் திட்டங்களுக்கு ஒன்று. வயதான காற்றாலைகளைப் புதுப்பிக்கவும், கழற்றிவிட்டுப் பெரிதாக நடவும் ஒன்று. ஒரு காற்றாடி நட்டால் இருபது, இருபத்தைந்து வருஷம் நிற்கும். ஒரு ஓடையில் சக்கரம் போட்டால் அதற்கும் மேலே. இந்த நாலைந்து வருஷத்தில் யார் பெயரில் பத்திரம் பதிகிறதோ, நம் பேரப்பிள்ளைகள் காலம்வரை அவன்தான் முதலாளி. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016ல் எழுந்தபோது அந்த வறண்ட பூமியில் கிராமத்துக்கு ஒரு பங்கு என்று கேட்கச் சங்கம் இருந்ததா? நமக்கு அந்த நிலை வரக் கூடாது.

இனி மலைமேல் இருக்கும் நம் ஆட்களைப் பற்றிப் பேச வேண்டும். பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் அவர்களை மறந்துவிடுகிறோம், நானும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வருசநாட்டுக்கு மேலே அரசரடி, பொம்முராஜபுரம், இந்திரா நகர். பெரியகுளத்துக்கு மேற்கே அகமலை ஊராட்சியின் ஊர்கள். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி. இவை கடல் இல்லாத தீவுகள். மழை பெய்தால் ஓடை குறுக்கே விழும், பாதை அறுந்துபோகும். சாலை கேட்டால் வனத்துறை, கம்பி கேட்டால் வனத்துறை, கம்பம் நட்டால் யானை. காபியும் மிளகும் இலவம்பஞ்சும் கழுதையிலும் குதிரையிலும் இறங்குகின்றன. பாம்பு கடித்தவனும் பிரசவ வலி எடுத்தவளும் டோலியில் இறங்குகிறார்கள்.

இந்த மலையில் ஒரு காலத்தில் வான்வழி இருந்தது, தெரியுமா? மூணாறிலிருந்து குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன்வரை 1908 முதல் ரயில் ஓடியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து மாட்டு வண்டியில் போடி. 1924 பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போனது. அதாவது, நூறு வருஷத்துக்கு முன்னால் தேயிலைப் பெட்டி நோகாமல் இறங்க வழி செய்தார்கள். 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணிக் காட்டுத்தீயில் வெந்தவர்களைத் தோளில்தான் தூக்கி வந்தோம்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. இதை ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2). வனத்தில் வாழும் மக்களுக்குப் பதின்மூன்று வசதிகளுக்காக, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்கலாம், ஹெக்டேருக்கு எழுபத்தைந்து மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், சாலை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. மின்கம்பியும் இருக்கிறது. சூரியன், காற்று, ஓடை போன்ற மரபுசாரா எரிசக்தியும் தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது! எல்லாவற்றுக்கும் இன்னொரு நிபந்தனையும் உண்டு, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கலெக்டரிடம் கெஞ்சி நிற்பதற்கு முன்னால் நம் சபை கூடித் தீர்மானம் போட வேண்டும். எத்தனை ஊரில் போட்டிருக்கிறோம்?

முப்பது வீடு உள்ள ஒரு மலைக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் என்றால் 45. மாவு அரைக்க, பாம்புக்கடி மருந்தும் தடுப்பூசியும் வைக்கும் குளிர்பெட்டிக்கு, ஒரு பேட்டரி வண்டிக்கு என்று இன்னொரு 35 யூனிட். ஆக 80 யூனிட். இருபது கிலோவாட் தகடு போதும். அதை விரிக்க வேண்டிய இடம் சுமார் இரண்டாயிரம் சதுர அடி, அதாவது ஐந்து சென்ட்டுக்கும் கீழே. சட்டம் அனுமதிக்கும் வரம்பு ஒரு ஹெக்டேர், 247 சென்ட். ஐந்து சென்ட் கேட்கப் போகிறோம், தோழர்களே. அதைக்கூடப் பல ஊர்களில் பள்ளிக்கூடக் கூரையிலும் சமுதாயக் கூடத்தின் மேலும் விரித்துவிடலாம். ஒரு மரம் விழ வேண்டாம்.

தகடு வந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2011ல் பசுமை வீடு திட்டம் வந்தது. முந்நூறு சதுர அடி வீடு, கூரையில் சோலார், உள்ளே ஐந்து விளக்கு. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேட்டரி செத்த பிறகு அந்த வீடுகளில் விளக்கு எத்தனை எரிகிறது என்று உங்கள் தெருவிலேயே போய்ப் பாருங்கள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற, ஒயரை மாற்ற, சர்வீஸ் பார்க்க ஊரில் ஓர் ஆளையும் பழக்காமல் போனதுதான் பிழை. அதனால் நம் கோரிக்கையின் முதல் வரி தகடு இல்லை, ஆள். ஒவ்வொரு மலைக் குடியிருப்பிலும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், சம்பளத்தோடு பயிற்சி. போடியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, மாவட்டத்தில் ஐ.டி.ஐ. இருக்கிறது. அங்கே படித்த நம் பிள்ளைகள் திருப்பூருக்கும் ஓசூருக்கும் வேலை தேடிப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் எக் (Eigg) என்று ஒரு குட்டித் தீவு. நூறு பேர் அளவில் வாழும் இடம். நிலச்சுவான்தார் கையில் கிடந்த தீவை 1997ல் அந்த மக்களே சேர்ந்து வாங்கினார்கள். டீசல் ஜெனரேட்டர் புகையிலேயே காலம் தள்ளியவர்கள், 2008ல் ஓடையையும் காற்றையும் வெயிலையும் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு மின்வலை கட்டினார்கள். அதில் எனக்குப் பிடித்தது தொழில்நுட்பம் இல்லை. ஒரு கட்டுப்பாடு. எந்த வீடும் ஒரே நேரத்தில் ஐந்து கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. பணக்காரன் வீடு, ஏழை வீடு எல்லாம் ஒன்றே. பழுது பார்ப்பதும் அந்தத் தீவுக்காரர்களே. முதுவாக்குடிக்கு இதில் என்ன புரியாமல் போகும்? மலையில் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்தவர்கள் மின்சாரத்தையும் முறை வைப்பார்கள்.

நம் மொழி பேசும் தீவுகளுக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின் திட்டம் ஒன்றை 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் டெல்லி முறைத்தது. ஆண்டு முடிவதற்குள் சீன நிறுவனம் பின்வாங்கியது. கடைசியில் இந்தியாவின் மானியத்தில், 2024 மார்ச் 1ஆம் தேதி ஒரு பெங்களூரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. காற்றில் 530 கிலோவாட், வெயிலில் 1,700 கிலோவாட், பேட்டரி, மாற்றுக்கு டீசல். பெரிய வல்லரசுகள் இரண்டு மோதிக்கொண்ட இடைவெளியில் மூன்று வருஷம் அந்த மக்கள் டீசல் ஜெனரேட்டர் கரண்டிலேயே காத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்ட மேசையில் அரசு இருந்தது, கம்பெனி இருந்தது. தீவுக்காரர்களின் சங்கம் எங்கே? இன்னொன்றும் கவனியுங்கள். அந்தத் தீவுகளுக்குப் போகும் படகைப் பற்றி அந்தத் திட்டத்தில் பேச்சே இல்லை. வீட்டுக்கு வெயில், படகுக்கு எண்ணெய். பாதித் திட்டம்.

பாதித் திட்டம் நமக்கு வேண்டாம். டென்மார்க்கின் சம்சோ தீவில் விவசாயிகளும் கூட்டுறவுக்காரர்களும் காற்றாடிகளில் பங்கு வாங்கினார்கள். நிலத்தில் 11 காற்றாடி நட்டு வீட்டுத் தேவையை முடித்தவர்கள் அதோடு நிற்கவில்லை. வண்டியும் கப்பலும் எரிக்கும் எண்ணெய்க்கு ஈடாக என்று கணக்குப் போட்டு, கடலுக்குள் இன்னும் 10 நட்டார்கள். விளக்கையும் வண்டியையும் ஒரே கணக்கில் எழுதிய புத்திசாலிகள் அவர்கள். நாமும் அப்படித்தான் எழுத வேண்டும்.

வெளிநாட்டுக் கதை போதும். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. அந்த ஊராட்சி 2006ல் சொந்தமாக ஒரு காற்றாலை வாங்கியது. 350 கிலோவாட், விலை 1 கோடியே 55 லட்சம் ரூபாய். கையிருப்பு கொஞ்சம், மீதி வங்கிக் கடன். ஊருக்கு வேண்டியது போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனைக் கட்டினார்கள். தமிழ்நாட்டுச் சட்டத்தில், தமிழ்நாட்டுப் பஞ்சாயத்தில், மின்வாரியத்தோடு மல்லுக்கட்டியே இதைச் செய்திருக்கிறார்கள். சுமார் இருபது வருஷமாகிறது. காற்று அடிக்கும் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கும் நம் ஊராட்சிகள் அந்த வழியில் போகாததற்கு ஒரே காரணம்தான் எனக்குத் தெரிகிறது, யாரும் கேட்கவில்லை.

ஜீப் ஓட்டும் தம்பிகளே, உங்களிடம் தனியாகப் பேச வேண்டும். "பேட்டரி வண்டி வந்தா எங்க பொழப்பு போச்சு" என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. கடனில் வாங்கிய வண்டி, ஒயிட் போர்டு, செக்போஸ்ட்டுக்கு செக்போஸ்ட் அபராதம், அதிக ஆள் ஏற்றினால் வழக்கு. உங்கள் பயம் நியாயமானது. அதனால்தான் முதல் வண்டிகள் உங்கள் கூட்டுறவுக்கே வர வேண்டும் என்கிறோம். வெளியூர்க் கம்பெனி நூறு வண்டியோடு வந்து இறங்குவதற்கு முன்னால் நீங்கள் சங்கமாகி நிற்க வேண்டும். ஒரு செய்தி உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், பேட்டரியில் ஓடும் வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று அறிவிக்கை போட்டது. மாநில எல்லையை நாளுக்கு இருமுறை தாண்டுகிற உங்களுக்கு இதைவிடப் பெரிய வாசல் எது?

"மெட்டு ஏறுமா?" இதுதான் அடுத்த கேள்வி. 2017லேயே இமாச்சலப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழகம் மணாலியிலிருந்து ரோத்தங் கணவாய்க்கு மின்சாரப் பேருந்தை ஓட்டிக் காட்டிவிட்டது. ரோத்தங் பதின்மூவாயிரம் அடி. போடிமெட்டு அதில் பாதிகூட இல்லை. ஏறுவதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இறக்கம். மலையிறக்கத்தில் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போன கதைகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரி வண்டியில் மோட்டாரே எதிர்ப்பக்கம் இழுத்து வேகத்தை அடக்கும். அடக்கும்போதே மின்சாரம் உண்டாகிப் பேட்டரிக்குத் திரும்பும். ஆகையால் மேலே நிற்கும்போது பேட்டரியை முழுசாக நிரப்பக் கூடாது, இறக்கத்தில் வருவதை வாங்கிக்கொள்ள இடம் விட வேண்டும். இந்த நுணுக்கம் உங்களைப் போல மலை ஓட்டியவனுக்குத்தான் கைவரும். அப்புறம், காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டு சாயங்காலம்வரை வண்டி என்ன செய்கிறது? மரத்தடியில் நிற்கிறது. வெயில் அடிக்கும் நேரம் முழுக்க வண்டி சும்மா நிற்கும் இப்படி ஒரு தொழில் வேறு எங்கே இருக்கிறது? மெட்டில் ஒரு கூரை, கூரைமேல் தகடு, கீழே சார்ஜ் ஏற்றும் வசதி. மழைக்காலத்தில் மேலே மூடுபனி. அப்போது ராத்திரியில் கீழே ஊரிலேயே ஏற்றிக்கொள்ளலாம், லோயர்கேம்ப்பில் தண்ணீர் விழும் காலம் அதுதானே.

அரசுப் பேருந்தையும் விடக் கூடாது. சென்னையில் 2025 ஜூன் 30ஆம் தேதி 120 மின்சாரப் பேருந்துகளை இறக்கினார்கள். தாழ்தளப் பேருந்து என்று சென்னைக்காரர்கள் அனுபவிக்கட்டும், பொறாமை இல்லை. இருபது பேர் உட்காரும் சிறிய மின்பேருந்து பத்து, விடியற்காலை நான்கு மணிக்கு மெட்டுக்குப் போக நமக்குக் கொடுங்கள். போடி ரயிலைக் கேட்டு வாங்கிய மக்கள் நாம். 1928ல் வந்த ரயிலை 2010 கடைசியில் அகலப்பாதைக்கு என்று நிறுத்தினார்கள். தேனிக்குத் திரும்பி வர 2022 ஆனது, போடிக்கு வர 2023 ஜூன் ஆனது. பன்னிரண்டு வருஷம் விடாமல் கேட்டோம். இதற்கு அத்தனை காலம் காத்திருக்க முடியாது.

மலைக்கு அந்தப் பக்கத்துத் தோழர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் நம் பள்ளத்தாக்கே எழுந்து குமுளியை நோக்கி நடந்தது. அந்த நடை பெருமைக்குரியது. ஆனால் அந்த நாட்களில் தோட்டத்துக்குப் போக முடியாமல் பட்டினி கிடந்தது யார், பயந்து மலையிறங்கி ஓடிவந்தது யார் என்பதையும் மறக்காதீர்கள். கூலிக்காரர்கள்தான். தண்ணீரில் இரு மாநிலமும் மோதட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு மின்சாரத்தில் இன்னொரு வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது. கம்பமெட்டிலும் குமுளியிலும் சார்ஜ் ஏற்றும் இடம் வேண்டுமென்றால் இடுக்கித் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேசத்தான் வேண்டும். ஏலக்காய் பறிக்க நம் கை அவர்களுக்கும் வேண்டும், பேச இடம் இருக்கிறது.

விவசாயத் தோழர்களே, இலவச மின்சாரம் இருக்கும்போது எங்களுக்கு எதற்கு சோலார் பம்ப் என்று சிலர் கேட்கிறீர்கள். இணைப்புக்காக வரிசையில் நிற்பவனைக் கேளுங்கள், எதற்கு என்று சொல்வான். இலவச மின்சாரம் போராடி வாங்கியது, அதில் ஒரு யூனிட்டும் விட்டுத்தர மாட்டோம். சோலார் அதற்கு மாற்று இல்லை, கூடுதல். பன்னீர் திராட்சைக்காரர்களுக்கு இன்னும் ஒரு தேவை உண்டு. புவிசார் குறியீடு 2023ல் வந்துவிட்டது, பழம் அழுகுவது நிற்கவில்லை. வெயிலில் ஓடும் சிறு குளிர்கிடங்கு காமயகவுண்டன்பட்டியிலும் ராயப்பன்பட்டியிலும் சுருளிப்பட்டியிலும் வேண்டும். இதை விவசாயச் சங்கங்கள் தனியாக எடுத்துப் பேசட்டும். இந்த அழைப்பில் அதற்கு மேல் இடமில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பசுமை மின்சாரம் என்ற பெயரில் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் புதிய அணையும் சுரங்கமும் வந்தால் நாமே முதலில் குறுக்கே நிற்போம். மேகமலையின் சோலை போனால் சுருளி ஏது, வைகை ஏது? ஓடையில் சின்னச் சக்கரம், கூரையில் தகடு, ஏற்கெனவே காற்றாடி நிற்கிற இடத்தில் ஊராட்சிக்கு ஒரு பங்கு. இதற்குள் முடிகிற தேவை நம்முடையது.

இனி வேலை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது, தனி அலுவலர் வந்தார் என்பதற்காகச் சபை செத்துவிடவில்லை. சபை என்பது வாக்காளர்களாகிய நாம்தான். அடுத்து எந்தத் தேதி வருகிறதோ, அதில் ஒவ்வோர் ஊரிலும் இந்தத் தீர்மானங்கள் ஏற வேண்டும்.

மலை ஊர்களில்: "வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2)ன்படி எங்கள் குடியிருப்புக்கு மரபுசாரா எரிசக்தி நிலையம் அமைக்க இன்ன சர்வே எண்ணில் இத்தனை சென்ட் நிலத்தை ஒதுக்க இச்சபை பரிந்துரைக்கிறது." வன உரிமைச் சட்ட விதிப்படி சபையின் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். ஆகவே அன்றைக்கு எந்த ஜீப்பும் மலை ஏற வேண்டாம். ஒரு நாள் கூலி போகும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். அந்த ஒரு நாளைக்கான அரிசி பருப்பைப் பள்ளத்தாக்கின் சங்கங்கள் பொறுப்பெடுக்க வேண்டும்.

கீழே உள்ள ஊர்களில்: ஊராட்சிக்குள் பழைய காற்றாலை புதுப்பிக்கப்பட்டாலோ புதிதாக நடப்பட்டாலோ அதில் ஊராட்சிக்குப் பங்கு வேண்டும் என்று ஒன்று. தோட்டத் தொழிலாளர் போகும் மூன்று மெட்டுப் பாதைகளிலும் அதிகாலை மின்பேருந்து, ஓட்டுநர் கூட்டுறவுக்கு மானியத்தோடு பேட்டரி வண்டி, போடி, தேவாரம், கம்பம், கூடலூரில் சார்ஜ் ஏற்றும் நிலையம் என்று இன்னொன்று. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகக் கூரைகளில் தகடு என்று மூன்றாவது. சொந்தக் கூரை உள்ளவர்கள் வீட்டுச் சோலாருக்கு மத்திய அரசு தரும் மானியத்துக்குத் தனியாக மனுப் போடுங்கள். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை கிடைக்கிறது. தொகுப்பு வீட்டுக்காரர்கள் தெருவாகச் சேர்ந்து பொதுக் கூரைக்குக் கேளுங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை எழுந்து வராதீர்கள். "எழுதிக்கிறோம், நீங்க போங்க" என்பார்கள். உங்கள் கண்ணெதிரே எழுதி, வாசித்துக் காட்டி, எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்த பிறகு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடியுங்கள். நகல் மூன்று: கலெக்டருக்கு ஒன்று, மாவட்ட வன அலுவலருக்கு ஒன்று, மின்வாரிய மேற்பார்வைப் பொறியாளருக்கு ஒன்று. நேரில் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. அதற்கும் பதில் இல்லையென்றால், தேனி கலெக்டர் ஆபீஸ் முன்னால் எல்லா ஊர் ஒப்புகைச் சீட்டோடும் ஒரே நாளில் உட்காருவோம். அன்றைக்குப் பேசும் பேச்சாளர்களின் பட்டியல் இப்போதே தயாராக வேண்டும், அதில் முதல் பெயர் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணுடையதாக இருக்க வேண்டும். அது யார் என்பதை உங்கள் ஊர்ச் சங்கம் இந்த வாரமே முடிவு செய்து சொல்லி அனுப்புங்கள்.